பயன்பாடு: இல்லை

படிவத்தை நிரப்பியது நான்தான்.
கோத்தகிரி, மூன்றாம் லைனுக்குக் கீழே
பதினேழு சென்ட் சரிவு. இடிந்த பால்வாடி,
ஆளுயர உண்ணிச்செடி, குவார்ட்டர் பாட்டில், டயப்பர்.
'தற்போதைய பயன்பாடு' என்ற கட்டத்தில்
இல்லை
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாள் பயிற்சி. நாளுக்கு நானூறு எனக்கு.
பதினொரு பிள்ளைகள், பதினொரு ஜோடி கையுறை.
நாலு ஜோடியில் இரண்டுமே இடக்கை.

சார்ட் தாளில் பூங்கா வரைந்தேன்,
நேர்ப்பாதை, வட்டப் பாத்தி,
மேலே சிவப்பில் 'நமது கனவு'.
டெல்சி எட்டிப் பார்த்தாள்.
"மிஸ், நீங்க ப்ளெயின்ஸா?"
உடுமலை என்றேன்.
"அதான்" என்று ஜீவரூபன்
தாளை மேசையிலிருந்து தூக்கி
எங்கள் சரிவின் சாய்வுக்குச் சாய்த்தான்.
என் பூங்காவிலிருந்து பென்சில் உருண்டு
யார் காலடியிலோ விழுந்தது.

இரண்டாம் நாள் மழை.
மூன்றாம் நாளும்.
நாலாம் நாள் அட்டை; உப்புப் பொட்டலத்தோடு வந்தவர்கள்
எனக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தார்கள்.

செடி வெட்ட வெட்ட
ஒரு சிமெண்ட் சறுக்கின் கீழ்ப்பாதி வெளியே வந்தது.
யோகமலர் அதில் உட்கார்ந்து பார்த்தாள்.
பதினாறு வயது இடுப்பு உள்ளே இறங்கவில்லை.
"நான் இதுல சறுக்கியிருக்கேன்" என்றாள்.
யாரும் சிரிக்காததைப் பார்த்து
தானே சிரித்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் டேலியா நட்டோம், கம்பி இழுத்தோம்.
ஏழாம் நாள் காலை
கம்பி ஒருபக்கமாகப் படுத்துக் கிடந்தது.
பாத்தி முழுக்கக் குளம்பு.
ஒவ்வொரு குளம்பிலும் ஒரு கை மழைத்தண்ணீர்.
டேலியா இல்லை.

பாரஸ்ட் ஆபீசுக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது.
அதற்குள் ஆல்வின்
தடத்தின்மேல் தடம் வைத்து நடக்கத் தொடங்கினான்,
மேலே தேயிலைக்குள்ளிருந்து,
பால்வாடிச் சுவரை உரசி, சறுக்கைச் சுற்றி,
கீழே உடைந்த குழாய் ஒழுகும் இடம்வரை.
"இது ரோடு மிஸ். காட்டெருமை ரோடு."

அதற்குப் பிறகுதான் வாய் திறந்தார்கள்.
வெயில் எட்டிப் பார்த்தால் அம்மா துணி காயப்போடுவது இங்கே.
லைனில் டவர் கிடைக்காது, இங்கே இரண்டு புள்ளி கிடைக்கும்.
சுவரோரம் யாரோ வைத்த மேராக்காய்க் கொடியை
முதல்நாளே வெட்டிவிட்டோம்.
கடைசியாக யோகமலர், மண்வெட்டிக் காம்பைப் பார்த்தபடி:
"அப்பா குடிச்சிட்டு வர்ற ராத்திரி
நான் இங்கதான் வந்து உக்காருவேன்."
கொஞ்சம் பொறுத்து,
"பாட்டில்ல பாதி அவரோடதுதான்."

என் கட்டத்தில் அரை அங்குலம்தான் இடம்.
தாளைத் திருப்பினேன்.

எட்டாம் நாள் கம்பியைச் சுருட்டினார்கள்.
கொடிக்குக் கயிறு, துணிக்கு இரண்டு கம்பம்,
நடுவில் பத்தடி ஒன்றுமில்லை.
பெஞ்சை எங்கே போடுவது என்று
யோகமலரை யாரும் கேட்கவில்லை.
சுவருக்குப் பின்னால்,
லைன் தெரியாத பக்கம் பார்த்து,
ஜீவரூபனும் இன்னும் நாலு பேரும் தூக்கிப்போய்
காலுக்குக் கல் வைத்து ஆட்டம் நிறுத்தினார்கள்.

பத்தாம் நாள் சார் வந்தார். பேனர் வந்தது.
பேனர் ஆறடி, இடைவெளி பத்தடி.
எப்படி நின்றாலும் இரண்டு ஓரமும் தெரிந்தது.
"நடுவுல ஏன்மா வேலி இல்ல?"

"கம்பி பத்தல சார்" என்றாள் டெல்சி.

மீதிக் கம்பிச் சுருள்
அவள் காலுக்குப் பின்னால் இருந்தது.
நான் கொஞ்சம் நகர்ந்து
அதை மறைத்து நின்றேன்.