31-அ, 31-ஆ

பேரணாம்பட்டிலிருந்து வரும் ஐந்து ஐம்பது பஸ்.
நான் குடியாத்தத்தில் ஏறும்போது
ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள்.
இறங்கும்போது கம்பியை விரலால் பிடிக்க மாட்டாள்,
முழங்கையை அதில் மாட்டிக்கொள்வாள்.
பெயர் மெஹ்தாப். கையுறைக் கம்பெனியில்
கட்டைவிரல் தைக்கிற வேலை,
நாளொன்றுக்கு முந்நூறு கட்டைவிரல்,
தன்னுடையது மடங்காமல் போனவரை.

இவ்வளவும் எனக்குத் தெரியலாம்.
அவள் எண் மட்டும் தெரியக் கூடாது.

என் மேசைக்கு எண்கள்தான் வரும்.
முழங்காலில் ஊசித்துளை அளவு வாசல் திறந்து
டாக்டர் ஜெசிந்தா கிள்ளியெடுத்த மூட்டுச் சவ்வு,
நொய்யரிசியைவிடக் கொஞ்சம் பெரிய துணுக்குகள்.
சிகிச்சைக்கு முன்னால் எடுத்தது ஒன்று,
பதினாறு வாரம் கழித்து எடுத்தது ஒன்று.
இரண்டையும் சேர்த்து வைத்திருந்து, கலைத்து,
அ, ஆ என்று பெயர் மாற்றி அனுப்புவார்கள்.
எது முன், எது பின் என்று
எண்ணுகிறவனுக்குச் சொல்ல மாட்டார்கள்.
சொன்னால் கண் தனக்கு வேண்டியதை எண்ணும்.

மெழுகில் புதைத்து, ஐந்து மைக்ரான் சீவி,
வெந்நீரில் சுருக்கம் நீக்கிக் கண்ணாடியில் ஏற்றிச்
சாயம் கொடுத்தால்
நீலத்துக்கு நடுவே பழுப்பு.
பழுப்பெல்லாம் விழுங்கும் அணுக்கள்.
குப்பை அள்ள வந்தவை
வீட்டையே அள்ளத் தொடங்கிய கதைதான் முடக்குவாதம்.
சவ்வின் மேல்வரிசையை விடுங்கள்.
அதற்குக் கீழே, அடியடுக்கில், எத்தனை பேர்?
நோய் மருந்துக்குக் கேட்டதா என்று
அந்த அடியடுக்கு சொல்லும்.

ஆற்றில் தண்ணீர் இல்லாத ஊர் என்று
வேலூரைக் கேலி பேசுவார்கள். சரிதான்.
பாலாற்று மணலைத் தோண்டிப் பார்த்தவன்
அந்தக் கேலிக்குச் சிரிப்பதில்லை.
(முன்பு ஒரு முழம். இப்போது மூன்று ஆள் ஆழம்.)
ரத்தத்தில் பார்க்கும் இ.எஸ்.ஆர். மேல்மணல்.
"எப்படி இருக்கு?" என்று கேட்டு வாங்குகிற பதில்
அதற்கும் மேலே பறக்கிற தூசு.
டாக்டர் நல்லவராக இருந்துவிட்டால்
வலியில் இரண்டு மார்க் குறைத்துச் சொல்கிறார்கள்.
வெறும் மாவு மாத்திரைக்கும்
குறைத்துச் சொன்னவர்கள் உண்டு.
சவ்வுக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது.

மே மாதம். வெளியே நூற்றெட்டு டிகிரி.
காலையில் 31-அ எண்ணி முடித்தேன்.
பழுப்பு அப்பிக்கிடந்தது,
எண்ணும் பொத்தானை அமுக்கி அமுக்கி
என் கட்டைவிரலே கடுத்தது.

சாப்பாட்டு வேளையில்
புறநோயாளிப் பிரிவு மின்விசிறிக்குக் கீழே
தண்ணீர் பாட்டிலை இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து
மூடியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.
திறந்து கொடுத்தேன்.
"நாலு மாசமா புதன்கிழமை தவறாம ஆறு மாத்திரை.
வலி அப்படியேதாங்க இருக்கு.
டாக்டரம்மா முகத்தப் பாத்தா சொல்ல வரல,
பரவால்லன்னு சொல்லிட்டேன்."
பிறகு அட்டையை எடுத்து விசிறிக்கொண்டே:
"பேர் சொல்லிக்கூட கூப்பிடறதில்ல.
முப்பத்தொண்ணாம் நம்பர்தான் நான்."

திரும்பி வந்து 31-ஆவை லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.
வெளிறிய பழுப்பு ஒன்று வந்தது.
விட்டுவிட்டேன்.
இன்னொன்று. அதையும்.
மூன்றாவதைத் தாண்டும்போதுதான் கவனித்தேன்,
விரல் பொத்தான் மேலேயே இருந்தது,
அமுக்கவில்லை.
அ முன்னாலேயே எடுத்ததாக இருக்க வேண்டும் என்று
நான் முடிவு கட்டியிருந்தேன்.

எழுந்து போய் வேதநாயகியிடம் கொடுத்தேன்.
"ரெண்டையும் நீ எண்ணு. அ-வையும் முதலிலிருந்து."
ஏன் என்று கேட்டாள்.
கண் எரிகிறது என்றேன். பொய்யில்லை.

நான்கரை மணிக்கு அவள் எண்களை எழுதி
உறையில் போட்டு ஒட்டினாள்.
பசை நாக்கில் பட்ட கசப்புக்கு முகம் சுளித்தாள்.
வேறெதற்காகவும் இருக்கலாம்.

சாயங்கால பஸ்ஸில் மெஹ்தாப்
எனக்கு இரண்டு வரிசை முன்னால்.
என் நிறுத்தம் வந்ததும்
நேரே பார்த்தபடி இறங்கிவிட்டேன்.
அவள் கம்பியை விரலால் பிடித்திருந்தாளா
முழங்கையாலா என்று பார்க்கவில்லை.
பார்த்தால் எண்ணிவிடுவேன்.