நான்காவது திருத்தம்

தாளில் அந்த ஆளின் பெயர் லூசியேன் வர்ரே.
கறுப்புக் கல். ஆறடிக்கு இரண்டரை.
ஜெகதேவி குவாரியில் எடுத்தது,
மேல்பக்கம் பாலீஷ், விளிம்பு உடைத்தது உடைத்தபடி.
எழுத்துக்கு இத்தனை யூரோ என்று கணக்கு.
ரப்பர் ஒட்டி, கத்தியால் கீறி,
எழுத்தை உரித்தெடுப்பது என் வேலை.
அப்புறம்தான் மணல் பாயும்.
பர்கூரிலிருந்து கப்பலேறும் சாவுகளில்
என் நகம் படாத பெயர் குறைவு.

முதல் தாளில் பதினொரு நாடகம்,
ஆறு கவிதைப் புத்தகம், வருஷத்தோடு.
திம்மராயன் செல்லைத் தூக்கிப் பிடித்து
தமிழில் வந்ததை வாசித்தான்:
உப்புக் கிடங்கின் சாவி.
செவிடர் நீதிமன்றம்.
என் அத்தையின் பல் நாளை வரும்.
கடைசியது போன் செய்த கோளாறாக இருக்கும்,
இல்லாமலும் இருக்கலாம்,
நாடகக்காரர்தானே.

ஐம்பத்தெட்டுக்கும் அறுபத்தேழுக்கும் நடுவில்
ஒன்றுமே இல்லை.
ஜெயிலாயிருக்கும் என்றாள் தவ்லத் பீ.
குடி என்றான் ஒரியாக்காரப் பையன்.
குழந்தைகள் என்றேன் நான்.

எட்டு நாளில் இரண்டாவது தாள்.
விலை கேட்டிருப்பார்கள்.
நாடகம் மூன்றாகியிருந்தது, புத்தகம் ஒன்று.
அத்தையின் பல் போயே போயிருந்தது.
கூடவே மகளின் மெயில்:
'கவிஞர்' முன்னால் வரட்டும்,
'நாடகாசிரியர்' பின்னால்.
மறுநாள் இரண்டாம் மனைவியின் மெயில்:
நாடகம்தான் சோறு போட்டது.
மறுபடி மகள்:
முதல் நாடகம் மூன்று ராத்திரிதான் ஓடியது,
மூன்றாம் ராத்திரி பார்த்தவர்கள் ஐந்து பேர்,
அதில் ஒருத்தி என் அம்மா.
அதற்கப்புறம் ஒன்பது வருஷம்
ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணினார்,
மூட்டைச் சீட்டின் முதுகில்தான்
கவிதையெல்லாம்.

கல் விற்கிறவனுக்கு எதற்கு இதெல்லாம்?
யாருக்காவது சொல்லத்தானே வேண்டும்.
ஜெயில் இல்லை என்றதில்
தவ்லத் பீக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பெயரின் கடைசி எழுத்துக்கு மேல்
சாய்ந்தாற்போல் ஒரு கோடு.
ஈயின் கால் மாதிரி. ஜெராக்ஸ் தூசி மாதிரி.
உரிக்காமல் விட்டேன்.
மணல் பாய்ந்தது, போட்டோ போனது,
அன்று ராத்திரியே பதில் வந்தது.
கோடு இல்லாவிட்டால் அது அவர் இல்லையாம்,
கடைசி எழுத்து வாயை மூடிக்கொள்ளுமாம்.
மண் என்பதில் புள்ளி போனால் மண,
எனக்கா தெரியாது?
சம்பளத்தில் நாலாயிரம் பிடித்தார்கள்.

மூன்றாவது தாளில்
நாடகம் இல்லை, புத்தகம் இல்லை.
அவர் எழுதினதில் ஒரே ஒரு வரி.
போன் அதை இப்படிச் சொன்னது:
'கதவைச் சாத்தாதே,
குளிர் இன்னும் உள்ளே வரவில்லை.'
அன்றைக்கு வெளியில் நாற்பது டிகிரி.
கம்ப்ரசரை நிறுத்திவிட்டு
ஒரியாக்காரப் பையன் இன்னொரு தரம் கேட்டான்.

நான்காவதில் அந்த வரியும் இல்லை.
பெயர். இரண்டு வருஷம். நடுவே ஒரு கோடு.
மகளும் மனைவியும் ஒத்துப்போனது
அவ்வளவுதான்.
எண்பத்தெட்டு வருஷத்துக்கு அந்தக் கோடு
ஒன்றரை அங்குலம்.
சாய்ந்த கோட்டை முதலில் உரித்தேன்,
பெயரை அப்புறம்.
மரப்பெட்டியில் அடித்து
சென்னை துறைமுகத்துக்கு லாரி ஏற்றினார்கள்.

கெட்டுப்போன கல் ஷெட்டுக்குப் பின்னால் கிடக்கிறது,
மூன்று நாடகத்தோடும் ஒரு புத்தகத்தோடும்.
என்னைக் கேலி பண்ண திம்மராயன்
சாக்பீஸில் அந்தக் கோட்டைப் போட்டு வைத்திருக்கிறான்.
மாங்காய் சீசனில் மத்தியானச் சோறு அதன்மேல்தான்.
தவ்லத் பீ பெங்களூரா மாங்காய் அரிவாள்,
மிளகாய்ப்பொடியும் உப்பும்
எழுத்துக்குள் இறங்கிவிடும்,
உப்புக் கிடங்கின் சாவியைத் துண்டு மாங்காயால்
வழித்து வழித்துத் தின்போம்.
பல் கூசும்.
கூசும்போதெல்லாம் அந்த அத்தை.
நாளைக்கு வந்ததா, அது?