பக்கத்து மேசை

ரிகாவில் நவம்பர் வந்தால்
நாலு மணிக்கே இருட்டிவிடும்.
ட்ராம் திரும்பும் மூலையில் அந்தக் கஃபே.
சன்னலோரம் ருடீதே. பக்கத்து மேசையில் நான்,
கையில் ஒரு புத்தகம்,
எப்போதும் நாற்பத்தோராம் பக்கம்.

ஏற்பாடு இதுதான்:
அவள் காதணியைத் தொட்டால்
நான் அவள் கைபேசிக்கு அழைக்க வேண்டும்.
வீட்டில் குழாய் உடைந்துவிட்டது என்று.
பனி விழுமுன்னே
ஐந்து முறை உடைந்தது அந்தக் குழாய்.

முதலில் வந்தவன் வால்டிஸ்.
உயரம் நூற்று எண்பத்தெட்டு என்று எழுதியிருந்தான்,
எட்டை எங்கோ வைத்துவிட்டு வந்திருந்தான்.
பிறகு, தூண்டிலோடு படம் போட்டிருந்தவன்.
மீன் பிடிக்கத் தெரிந்தது.
அவளுக்கு என்ன பிடிக்கும் என்று
கேட்கத் தெரியவில்லை.
ஒருவன் அழுதான்.
பிரிந்துபோன மனைவி பெயரும் ருடீதேயாம்.
அன்று அவள் காதணியைத் தொடவில்லை,
நானாகத்தான் அழைத்தேன்.

எட்டாவது ஆள் உல்டிஸ்.
லிஃப்ட் பழுது பார்க்கிறவன், நகக்கண்ணில் கிரீஸ்.
கொஞ்சம் பேசினான், நிறையக் கேட்டான்.
பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னான்:
"உங்கள் தோழியையும் இங்கே வரச் சொல்லுங்கள்.
அரைமணியாய் ஒரு பக்கமும் புரளவில்லை,
சூப்பும் ஆறிவிட்டது."

மூன்று பேருமாய்க் கறுப்பு ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம்.
அவ்வளவு சிரித்தது அந்த வருடத்தில் அன்றுதான்.

வெளியே வந்ததும் ருடீதே சொன்னாள்: வேண்டாம்.
"எல்லாமே தெரிகிறது அவனுக்கு.
வீங்கிய கண்ணோடு எழுந்து வந்து
'ஒன்றுமில்லை' என்று சொல்ல
எனக்கு ஒரு வீடு வேண்டாமா?"

ஒன்பதாவது ஆள் ஏரிக்ஸ்.
இருமிப் பார்த்தேன். கரண்டியைக் கீழே போட்டேன்.
குனிந்து எடுத்துக் கொடுத்தான்,
அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.
ஜூனில் திருமணம். நான்தான் சாட்சிக் கையெழுத்து.

அன்பு, நேர்மை, நகைச்சுவை, மலையேற்றம்
என்றெல்லாம் நிரப்பச் சொல்கிறார்கள்.
எவ்வளவு தூரம் பார்க்கப்படச் சம்மதம் என்று
ஒரு கட்டம் கூட இல்லை.

போன வாரம் எங்கள் கட்டடத்தில்
லிஃப்ட் நின்றுவிட்டது.
கதவில் ஒட்டிய தாளில்
பழுதுக்கு அழைக்க ஒரு எண், பக்கத்தில் அந்தப் பெயர்.
உருளைக்கிழங்குப் பையை
கைமாற்றிக் கைமாற்றி ஐந்து மாடி ஏறினேன்.
மறுநாளும் ஏறினேன்.

இன்று மூன்றாம் நாள்.
கட்டடத்தில் வேறு யாரும்
இன்னும் அழைக்கவில்லை போலிருக்கிறது.
தாளுக்கு முன்னால் நிற்கிறேன்,
காதணியைத் தொட்டுக்கொண்டு.