பதினொன்றாம் நம்பர் ஊசி

ரெக்சினுக்கு இருபத்தொன்றாம் நம்பர் ஊசி.
பள்ளிக்கூட வெள்ளைக்குப் பதினொன்று.
மாற்ற மறந்து தைத்து
முதல் துண்டைச் சல்லடையாக்கினேன்.
உட்துறைமுக வீதியில், வீட்டு முன்கொட்டிலில்,
பதினாறு வருடமாய்
ஓட்டோ சீற்றுக்கு உறை தைக்கிற கை.
மெல்லிய துணியைக் கண்டால்
உயிர்நண்டைத் தூக்குவதுபோல் தயங்குகிறது.

தையல்கடையில் ஒரு சட்டைக்குக் கேட்ட கூலியில்
இரண்டு மாதக் கரண்ட் பில் கட்டலாம்.
"நீங்களே தையுங்கோவன்" என்றாள் புனிதமலர்,
ஆஸ்பத்திரி இரவு வேலைக்குக் கொண்டை முடிந்தபடி.
"முழு ஓட்டோவையே மூடித் தைக்கிறீங்கள்."

கலண்டரில் நவம்பரைக் கிழித்து
பின்பக்கத்தில் திட்டம் போட்டேன்.
அரசாங்கம் தந்த துணியில் ஒரு சட்டை,
மத்திய வீதியில் வாங்கினதில் இரண்டு.
சிமிஸ் மூன்று.
போன வருட விளையாட்டு ரீசேட்டுக்குக்
கழுத்தை மட்டும் பெருப்பிக்க வேணும்.
டை பழையது போதும்.
சப்பாத்து
என்று எழுதி, விலை எழுதாமல் விட்டேன்.

அளவுநாடாவோடு போனேன்.
கம்சிகா ஓரடி பின்வாங்கினாள்.
போன தை வரைக்கும்
கையிரண்டையும் விரித்து
வயல் வெருளிமாதிரி நின்று தந்த பிள்ளை.
"அம்மா எடுக்கட்டும்."
கதவு சாத்தினது.
உள்ளிருந்து புனிதம் இலக்கம் சொல்லச் சொல்ல
வெளியே சுவரோடு நின்று எழுதினேன்,
லொத்தர் முடிவு கேட்பவனைப்போல.
தோள் பதின்நாலு.
இடுப்பு இருபத்தாறு.
இடையில் ஒரு இலக்கத்தை மட்டும்
சத்தம் குறைத்துச் சொன்னாள்.
நானும் சின்ன எழுத்தில் எழுதினேன்.

இடுப்பு இருபத்தாறென்றால்
மடிப்புக்கு மூன்று மடங்கு, எழுபத்தெட்டு.
துணியகலம் நாற்பத்தைந்து;
இரண்டு பாகம் பொருத்தினால் தொண்ணூறு.
மிஞ்சுகிற பன்னிரண்டு இஞ்சியை
வெட்டவா, உள்ளே மடிக்கவா என்று
சோக்குக் கட்டியோடு நிற்கையில்
கதவிடுக்கால் ஒரு குரல்:
"அப்பா, உள்ப்பக்கம் ஒரு பொக்கற் வேணும்.
வெளியில தெரியக்கூடாது."
போன் கொண்டுபோகவோ என்று வாயெடுத்தேன்.
புனிதம் ஒரு பார்வையில் என் வாயைத் தைத்தாள்.
பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.
இவ்வளவு அகலம். இவ்வளவு ஆழம்.
"மாசத்தில நாலைஞ்சு நாளைக்கு."
அதற்குப் பிறகு
ஊசியில் நூல் கோக்க
எனக்கு மூன்று தரம் எடுத்தது.

மார்கழி மழை.
டச்சுக்குடாப் பக்கம் விடியவிடியக் கடலிரைச்சல்.
சுருங்கட்டும் என்று நனைத்த துணி
நாலு நாளாய் ஈரம்.
மின்விசிறியின் கீழ்க் கொடி கட்ட, கரண்ட் போனது.
கொட்டிலுக்கு மாற்றினேன்.
மழைக்கு ஒதுங்கின இரண்டு மான்கள்
(எங்கள் ஊர் மானுக்கு
காடு தேவையில்லை, கடைத்தெரு போதும்)
என்ன இலையென்று நினைத்தனவோ,
ஒன்று வெள்ளையின் முனையைக் கவ்வி மென்றது.
கம்சிகா சிரித்துக்கொண்டே ஓடிவந்து
மறுமுனையை இழுத்தாள்.
மான் இழுக்க, அவள் இழுக்க,
நான் ஐயோ ஐயோ என்று நிற்க,
கிழிந்தது ஒரு சாண்.
அந்த இடத்தைக் கழுத்துப்பட்டிக்குத் தள்ளி
கணக்கைத் திருப்பிப் போட்டேன்.

கீழ்மடிப்பில் மூன்று இஞ்சி விட்டிருக்கிறேன்.
வைகாசியில் ஒன்றை அவிழ்க்கலாம்.
அவள் வளருகிற வேகத்துக்கு
சித்திரையே வந்து கேட்கும்.
பொக்கற்றை மட்டும் ரெக்சின் நூலால் தைத்தேன்,
சாரதி குந்துகிற இடத்துக்குப் போடும்
இரட்டைத் தையல்.
மற்றதெல்லாம் பிரிந்தாலும் அது பிரியாது.

முதல் நாள் காலை
சைக்கிளில் ஏறும்முன்
இடுப்போரம் ஒருதரம் தட்டிப் பார்த்தாள்,
சனம் நெரிகிற பஸ்ஸில்
பேர்சைத் தடவிப் பார்ப்பவர்போல.
பின்னால் நின்று மடிப்புகளை எண்ணினேன்.
ஒன்று மற்றப் பக்கம் திரும்பியிருந்தது.
கூப்பிடலாம் என்று நினைக்கமுன்
சந்தி தாண்டிவிட்டாள்.

மூன்றாவது சட்டை
கை பூட்டாமல் மெசினில் கிடக்கிறது.
வாசலில் ஒரு ஓட்டோக்காரன்,
சீற் கிழிந்து பஞ்சு தள்ள,
"அண்ணை, பத்து நிமிசத்தில முடியுமோ?" என்கிறான்.
முடியும்.
ஊசியை மாற்றவேணும்.