நூற்று நாற்பது தானியம்

கனவுக்கு லைசென்ஸ் கேட்க மாட்டார்கள் என்பதால்
முதல் வேலையாக போல்ட்டை இடப்பக்கம் மாற்றினேன்.

புதுவயல் அரிசி ஆலையில் கணக்கெழுதுகிறேன், இடக்கையால்.
மை காயுமுன் உள்ளங்கை அதன்மேல் நகர்ந்துவிடும்.
என் பேரேட்டில் எல்லா வரவும்
கொஞ்சம் கலங்கித்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ரைபிள் கிளப்.
ஒரு மணி நேரம், வாடகைத் துப்பாக்கி, பாயிண்ட் டூ டூ.
வலக்கைக்காரர்கள் செய்து
வலக்கைக்காரர்களுக்கு விற்றது.
குழலைத் தாண்டிக் கையை வளைத்து
போல்ட்டை இழுக்கும் ஒவ்வொரு தடவையும்
பந்தியில் இடக்கை நீட்டியவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்க்கிறது.

எடைமேடை சேக் தாவூது சொல்கிறார்:
"முன்னூத்திப் பதினஞ்சு வாங்குங்க சிகப்பியக்கா.
நம்ம நாட்டுத் தோட்டா, கேட்டா கிடைக்கும்.
கிடைக்காத தோட்டாவுக்குத் துப்பாக்கி எதுக்கு?
உலக்கை போதுமே."
லாரி அடைக்கலம் விடவில்லை:
"பன்னெண்டு போர்தான். இங்கே
முப்பதடிக்கு அப்புறம் என்ன தெரியுது,
சீமைக்கருவேலத்தைத் தவிர?"
இரண்டும் நியாயம்.
நியாயத்துக்கா கனவு காண்கிறோம்?

எனக்கு ஏழுக்கு ஐம்பத்தேழு. மில்லிமீட்டர் கணக்கு.
நூறு வருஷம் தாண்டிய தோட்டா,
தோளை உதைக்காது, தட்டிக் கூப்பிடும்.
குண்டின் எடை நூற்று நாற்பது கிரெய்ன்.
கிரெய்ன் என்றால் தானியம்.
இதைப் படித்த அன்று
நாற்பது மூட்டை இரண்டு தரம் ஏற்றிவிட்டேன் கணக்கில்.
ஈயத்தைத் தானியத்தால் நிறுக்க
எவனுக்குத் தோன்றியிருக்கும்?
ஒன்பது கிராம். அதாவது
ஒரு பவுன், மேலே ஒரு கிராம்.
ஆட்கள் போன பிறகு, மாதிரி பார்க்கும் தராசில்
ஒரு தட்டில் ஒன்பது கிராம் படிக்கல்,
மறுதட்டில் பொன்னி நெல்லை எண்ணி எண்ணிப் போட்டேன்.
ஐநூறு தாண்டியும் படிக்கல் எழவில்லை.
எங்கள் தானியம் இலேசு.

கட்டைக்குத் தேக்கு வேண்டாம்.
இந்தப் பக்கம் பர்மாத் தேக்கு
தூணாய் நின்று பார்த்தாகிவிட்டது,
தூண் விலைபோவதையும் காரைக்குடிக் கடையில் பார்த்தாகிவிட்டது.
அக்ரூட் மரம். வார்னிஷ் இல்லை, எண்ணெய் மட்டும்.
என் இடக்கன்னம் சாய
வலப்பக்கம் ஒரு மேடு.
குழல் இருபத்திரண்டு அங்குலம்,
முள்ளில் மாட்டாத நீளம்.

"எல்லாம் சரி, எதைச் சுடப் போறீங்க?"
சேக் தாவூது கேட்டபோதுதான்
அந்தக் கட்டம் காலியாக இருப்பது தெரிந்தது.
மானுக்கு ஜெயில்.
பன்றிக்கு மனு, மனுவுக்கு மேல் மனு.
முயலுக்கு இந்தத் தோட்டா போட்டால்
காது மட்டும் மிஞ்சும்.

கண்டனூர்க் கண்மாய்க்கரை, போன மாதம்,
ஸ்கூட்டி வெளிச்சத்தில் நின்றது ஒரு காட்டுப்பன்றி.
கடலைக்கொல்லையிலிருந்து நேரே வந்த வாய்,
மண்ணும் தோலும் ஒழுக.
முப்பதடி. அடைக்கலம் சொன்ன அதே முப்பதடி.
என் இடக்கை பிரேக்கை விட்டது.
யாரையும் கேட்காமல் மேலே போய்
இல்லாத போல்ட்டைத் தூக்கி, இழுத்து,
தள்ளி, தாழ்த்தியது.
எதிலும் இடிக்கவில்லை. எதையும் தாண்ட வேண்டியிருக்கவில்லை.
அவ்வளவு வழுவழுப்பு.

பிரேக் இல்லாத வண்டி
கரைச்சரிவில் மெல்ல உருண்டது, அதை நோக்கி.
இருபதடி. பதினைந்து.
பன்றி என்னை நிறுத்துப் பார்த்தது.
என்ன எடை வந்ததோ,
திரும்பிக் கருவேலத்துக்குள் போய்விட்டது,
அவசரமில்லாமல்.
இரண்டு காலையும் ஊன்றி வண்டியை நிறுத்தினேன்.
ஒரு செருப்பு அங்கேயே போயிற்று.

அன்றிரவு கைச்செலவு நோட்டில்:
பெட்ரோல் நூறு.
செருப்பு இருநூற்று நாற்பது.
தோட்டா ஒன்று.
அதற்கு நேரே ஒரு தொகையும் எழுதியிருக்கிறேன்.
என்ன தொகை என்று
இப்போது படிக்க முடியவில்லை.