ரசீதின் பின்பக்கம்

முதலிகே மாவத்தையில் எங்கள் கண்ணாடிக்குக் கீழே
ஒரு கை நுழையும் அளவு ஓட்டை.
அதற்குள்ளால்தான் உலகம் வரும்:
டொலர், யூரோ, திர்ஹம், மழை நாளில் ஈரக் கை.

துயெட் வெள்ளிக்கிழமைகளில் வருவாள்.
ரத்மலானைத் தொழிற்சாலைக்குத் தையல் மெஷின் பூட்ட வந்தவள்.
நளீம் ஹாஜியார் ஜும்ஆவுக்குப் போயிருக்கும் நேரம்,
கடையில் நானும் நோட்டு எண்ணும் மெஷினும்.
அவளிடம் வியட்நாம் பாஷை, என்னிடம் தமிழ்.
நடுவில் கவுண்டர் மாதிரி இங்கிலீஷ்,
இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத பலகை.

முதல் நாள் நூறு டொலருக்கு ரசீது கொடுத்தேன்.
திருப்பி வைத்து, பேனை கேட்டாள்.
கேஷ் என்று எழுதினாள். பக்கத்தில் தியென் மட்.
மட் என்றால்?
தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.
முகம். நேருக்கு நேர் வருகிற பணம்.
அந்த கேஷ் எங்கள் காசுதான் என்றேன்,
வெள்ளைக்காரன் கொண்டுபோனது, ரசீது தராமல்.
பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். உண்மையோ தெரியாது.
வீட்டில் நாங்கள் சல்லி என்போம்,
பஸ்ஸில் கொண்டக்டரும் சல்லி என்பான், சிங்களத்தில்.

அடுத்த வெள்ளி சேஞ்ச்.
மாற்றுவதும் சேஞ்ச், மிச்சமும் சேஞ்ச், சில்லறையும் சேஞ்ச்.
ஒரு சொல்லை வைத்து மூன்று வேலை வாங்குகிறார்கள்,
ஹாஜியார் என்னிடம் வாங்குவது போல.
சில்லறைக்கு அவளிடம் தியென் லெ:
ஒற்றைப் பணம், ஜோடி சேராதது.
எழுதிவிட்டு என் விரலைப் பார்த்தாள், மோதிரம் தேடி.
சரியாக இருந்த கட்டை
நான் இரண்டாம் தரம் எண்ணினேன்.

டெண்டர் என்றால் மென்மை என்று அகராதியில் பார்த்தாளாம்.
அன்று ஒருவர் நீட்டிய ஐந்நூறு ரூபாய்
மடிப்பில் கிழிந்து, வேர்வையில் ஊறி, துணியாகியிருந்தது.
இதுவா, என்றாள்.
இவ்வளவு மென்மையானால் செல்லாது, என்றேன்.

ஃப்ளோட் கேட்ட நாளில் கதையாகச் சொன்னேன்:
ஒரு மார்ச் மாதம் ரூபாயை மிதக்க விட்டார்கள்,
முங்கினது நாங்கள்.
காலையில் எழுதிய எண்ணை மத்தியானம் அழித்தேன்,
மத்தியானத்து எண்ணை அசருக்கு முன் அழித்தேன்,
என் சம்பளம் மட்டும் எழுதியபடியே இருந்தது.
அவள் மட் யா என்று எழுதினாள். விலை இழப்பது.
என் காதுக்கு அந்த மட்டும் இந்த மட்டும் ஒன்றுதான்.
இல்லை இல்லை என்று
கண்ணாடியில் ஆவி படியச் சொல்லிக் காட்டினாள்:
குரல் கீழே விழுந்தால் முகம்,
மேலே ஏறினால் இழப்பு.
எங்கள் பலகையில் டொலர் ஏறுகிற மாதிரி.

கடைசி வெள்ளி பயணப் பையோடு வந்தாள்.
மிச்ச ரூபாயைத் திரும்ப டொலராக்க வேண்டும்.
டொங் நாங்கள் வைத்திருப்பதில்லை.
முந்தி மாற்றிய ரசீது வேண்டும், என்றேன்.
பதினொன்றையும் எடுத்தாள், கிளிப் போட்டு வைத்திருந்தாள்.
முன்பக்கம் என் கையெழுத்து, பின்பக்கம் அவளுடையது.
ஒன்றைப் புரட்டினாள், உதடு அசைந்தது, அடுத்ததைப் புரட்டினாள்,
பரீட்சை மண்டப வாசலில் பிள்ளைகள் செய்வது போல.
பிறகு ஓட்டைக்குள்ளால் தள்ளினாள்.

போட்டோ எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம்.
வரிசையில் ஆறு பேர். தோன்றவில்லை.
தோன்றியபோது
அவளுடைய டாக்சி சாத்தம் வீதியைத் தாண்டியிருக்கும்.

குற்றிகள் நாங்கள் எடுப்பதில்லை.
இரண்டு பத்து ரூபாயையும் கவுண்டரில் வைத்து
தியென் லெ என்றாள், போனாள்.

மாதக் கடைசியில் ஹாஜியார் கோப்பைப் பார்த்தார்.
என்ன கிறுக்கல் இது, கணக்கா?
கணக்குத்தான்.
அடுக்கி, ஓட்டை போட்டு, கம்பியில் கோத்தார்.
ஒரு ஓட்டை மட் என்ற சொல்லில் விழுந்தது.
மேலே கீற்றா, கீழே புள்ளியா,
அதை வைத்துத்தான் முகமா இழப்பா என்று தெரியும்.
குப்பைக் கூடையில் தேடினேன்.
எல்லா வட்டமும் வெள்ளையாக இருந்தது.