தெரிந்த நாள்

சுபௌல் முன்சீப் கோர்ட் வளாகத்தில்
தகரக் கொட்டகைக்கடியில் என் தட்டச்சு மேசை.
பதினேழு வருஷமாக
அடுத்தவர் கோபத்தை
இரட்டை இடைவெளியில் அடித்துத் தருகிறேன்.

இன்று வந்தவள் புலேசரி தேவி.
கோசி ஆறு இரண்டு முறை விழுங்கி
இரண்டு முறை துப்பிய நிலம்,
ஒரு பீகா பதினொரு கட்டா,
தகப்பன் வழியில் அவள் பங்கு.
கிரயப் பத்திரம் சொல்கிறது:
ஆறு வருஷம் முன்பே விற்றுவிட்டாளாம்,
அண்ணனின் மச்சானுக்கு,
ரொக்கம் பெற்றுக்கொண்டு, முழு மனதோடு.

வக்கீல் ஜா பாபு நகலை அவள் பக்கம் திருப்பினார்.
"இந்த ரேகை உன்னுடையதா?"
கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.
அவர் கண்ணாடியைத் துடைத்தால்
யோசித்துச் சொல் என்று பொருள்.
எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

இல்லை என்றால், பத்திரம் பிறக்கவே இல்லை.
பிறக்காததை ரத்து செய்ய வேண்டியதில்லை;
நிலத்தைத் திருப்பிக் கேட்கப்
பன்னிரண்டு வருஷம் உண்டு.
ஆம், ஏமாந்து வைத்தேன் என்றால்
மூன்றே வருஷம்,
ஏமாற்று தெரிந்த நாளிலிருந்து.

அவள் இடது கட்டைவிரலை
நகலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.
அரிவாள் கீறிய தழும்பு
விரலிலும் தாளிலும்
ஒரே வரப்பாக ஓடியது.
"என்னுடையதுதான்.
வெள்ள நிவாரணத் தாள் என்றான் அண்ணன்."

கண்ணாடி மூக்குக்குத் திரும்பியது.
"எப்போது தெரிந்தது?"

நான் ஒன்பதாம் பத்தியில் நிற்கிறேன்.
வியாஜ்ஜிய மூலம் எழுந்த நாள்:
அதற்கப்புறம் ஒரு சின்னக் கோடு, காலியாக.
"போன வாரம் நகல் வாங்கினாயே, அன்றுதானே" என்றார்
கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு குரலில்.

இல்லை என்றாள்.
நாலு வருஷம் முன், கார்த்திகைப் பௌர்ணமி.
சாமா-சகேவா முடிகிற இரவு.
அண்ணன் ஆயுளுக்காகக்
களிமண் பறவைகளைக் கூடையில் தூக்கி
நாங்கள் பாடிக்கொண்டு போவோமே, அந்த இரவு.
உழுத வயலோரம் ரதியா என் காதில் சொன்னாள்:
உன் நிலத்துக்கு அவன் மச்சான் பேரில்
ரசீது கிழிக்கிறார்கள்.
சுக்லா என்று கோள்சொல்லிப் பொம்மை ஒன்று,
சணல் மீசையோடு.
அந்த மீசைக்கு நெருப்பு வைக்கும் முறை
அப்போது எனக்கு.
வைத்தேன்.
ரதியாவைப் பார்த்துக்கொண்டே வைத்தேன்.
அண்ணன் முழங்காலில் வைத்துப்
பறவைகளை உடைத்தான்.
என் முந்தானையில் அவலும் வெல்லமும் போட்டான்,
இரண்டு கை நிறைய.
மற்ற வருஷமெல்லாம் ஒரு கைதான்.
அப்போது நிச்சயமாகத் தெரிந்தது.

ஜா பாபு விரல் மடக்கவில்லை.
மடக்கவும் தேவையில்லை.
போன வருஷக் கார்த்திகையோடு மூன்று முடிந்தது.

சட்டத்துக்கு இரக்கமே இல்லை
என்று நான் சொல்ல மாட்டேன்.
கடைசி நாள் ஞாயிறானால் திங்கள் வரை பொறுக்கும்.
சத் பூஜை விடுமுறைக்குப் பொறுக்கும்.
சிறுவனுக்கு வயது வரும்வரை,
சித்தம் கலங்கியவருக்குத் தெளியும்வரை.
மேல்முறையீட்டுக்குத் தாமதித்தால்
மன்னிக்கச் சொல்லி ஒரு மனு உண்டு,
நானே நூற்றுக்கணக்கில் அடித்திருக்கிறேன்.
முதல் வழக்குக்கு அது கிடையாது.
தெரிந்தும் அவலைத் தின்றவளுக்கு
எந்தப் பிரிவிலும் இடமில்லை.

"அப்புறமும் பாடினாயா?"
கேட்டுவிட்டேன். தட்டச்சுக்காரன் கேட்கக் கூடாதது.
"மூன்று வருஷமும் பாடினேன்.
இந்த வருஷம் அழைப்பு வரவில்லை.
வேலையாளிடம் ஐம்பது ரூபாய் கொடுத்தனுப்பினான்."

ஜா பாபு டீ குடிக்க எழுந்துபோனார்.
கோர்ட் ஃபீஸ் கவுண்டர் மூன்றரை வரைதான்.
"நான் சொன்ன நாளையே அடி" என்றாள்.
"இங்கிலீஷ் தேதி எனக்குத் தெரியாது."

டீக்கடைச் சுவரில்
பழைய காலண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்று,
எண்ணெய்ப் பிசுக்கோடு.
நாலாவதைப் புரட்டினேன்.
ஞாயிறாக இருக்குமோ என்று ஒரு நப்பாசை,
இருந்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை.